பழைய டிவிய திருப்பி எடுப்போம்னு சொன்ன கம்பெனி: 23 நாளு, 4 போன், 3 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடுறேன், இது புது டிவிக்க ரிவியூ இல்ல. புது டிவி கொள்ளாம், படம் நல்லா தெரியுது, சவுண்டு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். அதுக்கு ரிவியூ போட ஆயிரம் பேரு இருக்காங்க. நான் எழுதுறது பழைய டிவி எங்க வீட்ட விட்டு போன கதை, அதுக்கு யாரும் ரிவியூ போட்டு நான் பாக்கல. கம்பெனி பேரும் போடல, ஏன்னா நாலு பேருகிட்ட கேட்டதுல எல்லா கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு.

எங்க வீடு தக்கலை பக்கம். சாய்ப்புல (வீட்டோட சேத்து சாமான் போடுற எறக்கம்) ஒரு 21 இஞ்ச் பெட்டி டிவி ஆறு வருசமா கெடந்துச்சு, கல்யாணம் கழிஞ்சு 2004ல வாங்குனது, கனம்னா அப்படி ஒரு கனம், ரெண்டு பேரு பிடிச்சாதான் நகரும். அதுக்கு மேல மாமி முறம், சாக்கு, தேங்கா துருவுற பழைய திருவல எல்லாம் அடுக்கி அது ஒரு மேசை மாதிரியே ஆயிடுச்சு. புது டிவி வாங்குன கடையில எக்ஸ்சேஞ்ச் கேட்டேன், எல்இடின்னா எடுப்போம், பெட்டி டிவி வேண்டாம்னுட்டாங்க. சரின்னு வீட்டுக்கு வந்து வாரண்டி கார்ட பிரிச்சு பாத்தா கடைசி பக்கத்துல எறும்பு மாதிரி எழுத்துல ஒரு பத்தி, எங்க பொருளு ஆயுசு முடிஞ்சா குப்பையில போடாதீங்க, இந்த டோல்ஃப்ரீ நம்பருக்கு கூப்பிடுங்க, நாங்க எடுத்து முறையா ரீசைக்கிள் பண்ணுவோம்னு. டிவி மாட்ட வந்த பையன்கிட்ட காட்டுனேன். சிரிச்சிட்டே சொன்னான், "இத படிச்ச மொத ஆளு நீங்கதான்க்கா".

ஆக்கர்காரனுக்கு (பழைய சாமான் எடுக்குறவனுக்கு) போட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு பாடுன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. நியாயம்தான். ஆனா ஆக்கர் கடையில பெட்டி டிவிய என்ன பண்ணுவாங்கன்னு நான் ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன், அதுக்கு அப்புறம் மனசு வரல. ஒரு குளத்துக்க கரையில (எந்த குளம்னு வேண்டாம்) ஒரு பையன், இருபது வயசு கூட இருக்காது, பின்பக்கத்து பிளாஸ்டிக் மூடிய கழத்தி வச்சிட்டு பிக்சர் ட்யூபுக்க கழுத்துல சுத்தியல் வச்சு ஒரு தட்டு தட்டுனான், புஸ்ஸ்னு காத்து உள்ள போற சத்தம். கழுத்துல சுத்தியிருக்க செம்பு கம்பிச் சுருள உருவி சாக்குல போட்டான். போர்டு தனி, ஸ்பீக்கர் தனி, வயரெல்லாம் ஒரு குவியல், சாயங்காலம் தீ வச்சு மேல உள்ள ரப்பர எரிச்சிட்டு செம்ப மட்டும் எடுப்பாங்களாம். கண்ணாடி? அப்படியே கரையில உருட்டி விட்டான். உடைஞ்ச துண்டுக்க உள்பக்கம் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா ஒரு பவுடர், விரல் பட்டா ஒட்டிக்கிடும். கையில கிளவுஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த குளத்துலதான் ரெண்டு வாத்து நீந்திட்டு கெடந்துச்சு.

அந்த பையன நான் குத்தம் சொல்ல மாட்டேன். செம்புக்கு அவனுக்கு பைசா கிட்டும், கண்ணாடிக்கு யாரு தருவா? அதுல ஈயம் கலந்திருக்குன்னு எங்க மவன் சொன்னான், இன்ஜினியரிங் படிக்கான். ட்யூபுக்குள்ள உண்டாகுற எக்ஸ்ரே வெளிய வராம இருக்கதுக்கு கண்ணாடியிலயே ஈயத்த சேத்து செய்வாங்களாம், ஒரு பெட்டி டிவியிலயே கிலோ கணக்குல வருமாம். அது உடைஞ்சு வெள்ளத்துல, அதாவது தண்ணியில கெடந்தா மெதுவா கரையும்.

இதக் கேட்டதும் எனக்கு எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஞாபகம் வந்துச்சு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் யாருக்கும் மறக்காது, எங்க தெருவுல 11 நாளு கரண்டு இல்ல, கெணத்துல வெள்ளம் இருந்தும் மோட்டார் ஓடாம கயிறு போட்டு கோரிட்டு இருந்தோம். அந்த சூட்டோட சூடா மொபைல் கடையில கூட இன்வெர்ட்டர் வித்தாங்க, நாங்களும் 2018 ஜனவரியில வாங்குனோம். அந்த பேட்டரி போன வருசம் கண்ண மூடிட்டு. கடைக்கு ஒரு போன்தான் போட்டேன், மறுநாளு காலையில சாயா குடிச்சிட்டு இருக்கும்போதே ஆட்டோ வாசல்ல. ரெண்டு பேரு பெல்ட்டு போட்டு நேரா தூக்குனாங்க, சாய்ச்சா ஆசிட் வரும்னு ஒரு சொட்டு கீழ விடல, தராசுல வச்சு எடை போட்டு புது பேட்டரி பில்லுல 4,200 ரூபா கழிச்சு குடுத்தாங்க. அந்த கடைக்கு கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார். வித்தவன் பழைய பேட்டரிய திருப்பி எடுக்கணும்னு 2001லயே சட்டம் வந்துட்டு, 2022ல அத மாத்தி கார் பேட்டரியிலருந்து சின்ன செல் வரைக்கும் எல்லாத்துக்கும் தயாரிக்கிற கம்பெனிதான் பொறுப்புன்னு புது விதியும் வந்துட்டு. ஆனா அவங்க ஓடி வந்தது சட்டத்துக்கு பயந்துன்னு நான் நெனைக்கல. பேட்டரிக்க எடையில பாதிக்கு மேல ஈயம், ஈயத்துக்கு மார்க்கெட்ல வெல உண்டு. அதே ஈயம் டிவி கண்ணாடிக்குள்ள கெடந்தா ஒருத்தனுக்கும் வேண்டாம், ஏன்னா அதுலருந்து பிரிச்சு எடுக்க செலவு கூடுதல். பேட்டரிக்கு சட்டம் இல்லாட்டியும் ஆளு வரும், டிவிக்குத்தான் சட்டமே வேணும், ஆனா அந்த டிவிக்குத்தான் ஆளு வரல.

சரி, ரிவியூவுக்கு வாரேன்.

மொத போன். இங்கிலீஷுக்கு ஒண்ணு, ஹிந்திக்கு ரெண்டுன்னு போயி தமிழுக்கு நாலு அமுக்கணும், அதுக்கு அப்புறம் பாட்டு. எடுத்த பொண்ணு நல்ல பொண்ணு, அத சொல்லணும், ஆனா அவளுக்கு ரிப்பேருக்கு ஆளு அனுப்பத்தான் தெரியுது. "என்ன கம்ப்ளெய்ன்ட் மேடம், படம் வரலையா?"ன்னு கேக்கா. படம் வந்து ஆறு வருசம் ஆச்சு, எனக்கு ரிப்பேர் வேண்டாம், எடுத்துட்டு போனா போதும்னு மூணு தடவ சொன்ன பிறகு இருங்கன்னு சொல்லி வேற ஒருத்தர்கிட்ட மாத்துனா, லைன் கட். ரெண்டாவது போன்ல பின்கோடு கேட்டாங்க, 629ன்னு ஆரம்பிச்ச உடனே ஒரு நிமிசம் அமைதி, பிறகு "உங்க ஏரியாவுக்கு பிக்கப் இல்ல மேடம், மதுரையில கலெக்‌ஷன் சென்டர் இருக்கு, கொண்டு குடுத்திடுங்க". மதுரைக்கு இங்கருந்து 250 கிலோமீட்டர் பக்கம் வரும். ஓடாத டிவிய மடியில வச்சு பஸ்ல போறத மனசுல நெனச்சு பாத்தேன், கண்டக்டர் அரை டிக்கெட்டாவது கேப்பாரு. புது டிவிய கொண்டு தரும்போது மட்டும் இதே பின்கோடுக்கு ரெண்டே நாள்ல வண்டி வந்துச்சு, ரோடு ஒண்ணுதானே மேடம்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல. மெயில் போடுங்கன்னாங்க.

மெயில் மவன்தான் எழுதுனான், சட்டத்துக்க பேரெல்லாம் போட்டு. அவன் தேடி எடுத்து சொன்னதுல எனக்கு வெளங்குனத சொல்றேன். கரண்டுல ஓடுற பொருளு கெட்டுப்போனா செஞ்ச கம்பெனிதான் அதுக்கு பொறுப்புன்னு நம்ம நாட்டுல மொத மொதல்ல 2011ல விதி போட்டாங்க, 2012 மே மாசத்துலருந்து நடைமுறை. பிறகு 2016ல ஒரு விதி, 2022ல இன்னொண்ணு, அது 2023 ஏப்ரல் 1லருந்து நடக்குது. முன்ன 21 வகை பொருளுதான், இப்ப 106 வகை. எத்தன சதவீதம் ரீசைக்கிள் பண்ணணும்னு டார்கெட்டும் உண்டு, மொத ரெண்டு வருசம் 60, அடுத்த ரெண்டு வருசம் 70, பிறகு 80. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சூட்சுமம் என்னன்னா, 2016 விதியில கம்பெனியே கலெக்‌ஷன் சென்டர், திருப்பி வாங்குறது, டெபாசிட்னு ஏதாவது ஒரு வழி வச்சு பொருள சேகரிக்கணும். 2022க்கு அப்புறம் கம்பெனி எனக்க வாசலுக்கு வரணும்னு கட்டாயம் இல்ல, ரிஜிஸ்டர் பண்ணுன ரீசைக்கிளர்கிட்டருந்து இத்தன டன்னு அழிச்சாச்சுன்னு சர்டிபிகேட் வாங்கி மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்க போர்ட்டல்ல காட்டுனா கணக்கு நேராயிடும். அந்த டன்னு டெல்லியில கெடச்சாலும் சரி, எங்கருந்து கெடச்சாலும் சரி. எங்க சாய்ப்புல கெடக்க டிவி அந்த கணக்குல ஒரு இடத்துலயும் வராது. அதுலயும் அந்த சர்டிபிகேட் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்புன்னு நாலு உலோகத்துக்க கணக்குலதான். ஈயக் கண்ணாடிக்கு அதுலயும் இடம் இல்ல. குளத்தங்கரை பையனுக்கும் சர்க்காரு போர்ட்டலுக்கும் இந்த விசயத்துல ஒரே கண்ணுதான் போல, செம்பு மட்டும்தான் தெரியுது.

மூணாவது போன் அவங்களே பண்ணுனாங்க, மெயிலுக்கு மதிப்பு உண்டு. 100 கிலோவுக்கு மேல இருந்தா திருநெல்வேலியிலருந்து ஏஜென்சி வண்டி வருமாம், ஒரு டிவிக்காக வராதாம். எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சு பாத்தா ஒரு டிவிக்கு அம்பது மைலுக்கு மேல டீசல் எரிக்கிறதும் நியாயம் இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழம எங்க மகளிர் குழு கூட்டம், அங்க விசயத்த போட்டேன். அம்மாடி, ஒவ்வொருத்திக்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு! கட்டிலுக்கு அடியில, கோழிக்கூட்டுக்கு மேல, ஒரு வீட்டுல டிவிய கவுத்து போட்டு அதுல துணி துவைக்கிற சோப்பு வச்சிருக்காங்க. ஒரு வாரத்துல 9 டிவி, 2 கம்ப்யூட்டர் மானிட்டர், மிக்சி, அயர்ன் பாக்ஸ், ஒரு செத்த வாஷிங் மெஷின் மோட்டார்னு எங்க முற்றம் நெறஞ்சு போச்சு. மாமி மூணு நாளு எங்கிட்ட சரியா பேசல.

நாலாவது போன் போட்டு நாளு குறிச்சோம். வண்டி சொன்ன நாளுக்கு மறுநாளுதான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. வந்தவன் நெல்லைக்கார தம்பி, சுறுசுறுப்பு. தூக்கு தராச முற்றத்து மாமரக் கொப்புல மாட்டி ஒவ்வொண்ணா எடை போட்டு நோட்டுல எழுதுனான், கையில கிளவுஸ் இருந்துச்சு, டிவிய ஒண்ணுக்கு மேல ஒண்ணு எறியாம நடுவுல அட்டை வச்சு அடுக்குனான், இத பாத்ததும் எனக்கு பாதி கோவம் போச்சு. அஞ்சாவது டிவியில வந்து நின்னுட்டான். "எக்கா, இது எங்க கம்பெனி இல்லல்லா, இது சர்க்காரு டிவி."

ஆமா, 14 இஞ்ச் இலவச கலர் டிவி. 2006ல ஆரம்பிச்சு வீடு வீடா குடுத்தாங்களே, அதுதான். 9ல 5 அதுதான். இதுக்கு யாரு பொறுப்பு? செஞ்ச கம்பெனியா, டெண்டர் விட்டு வாங்கி குடுத்த சர்க்காரா, வரிசையில நின்னு வாங்கி சீரியல் பாத்த நாங்களா? அஞ்சுல மூணுக்கு பின்னால ஒட்டுன ஸ்டிக்கரே கிழிஞ்சு போச்சு, யாரு செஞ்சான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. எங்க குழு தலைவி அக்கா சும்மா விடல. "தம்பி, ஓட்டு கேக்க வாரவங்ககிட்டயா நாங்க இத திருப்பி குடுக்க முடியும்? நீயே எடுத்துட்டு போ". அவன் ஆபீசுக்கு போன் போட்டான், பத்து நிமிசம் பேசுனான், கடைசியில எல்லாத்தையும் ஏத்திக்கிட்டான். மொத்தம் 186 கிலோ. கிலோவுக்கு 6 ரூபா வச்சு 1,116 ரூபா குழு கணக்குல ஏத்துனாங்க, ரசீதும் தந்தாங்க, அதுல எடை, தேதி, ரீசைக்கிளருக்க ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கு. இந்த ரசீதுக்கு ஒரு ஸ்டார் தனியா குடுக்கேன், ஏன்னா ஆக்கர் கடையில குடுத்தா பைசா கிட்டும், எங்க போச்சுன்னு தெரியாது.

கேரளா பக்கம் பாறசாலையில இருக்க நாத்தனாருக்கு போட்டோ அனுப்புனேன், அவ சிரிக்கா. அங்க வீடு வீடா குப்பை எடுக்குற ஹரித கர்ம சேனைக்காரிங்க பச்ச உடுப்பு போட்டு மாசா மாசம் வாசலுக்கே வந்து பிளாஸ்டிக்க வாங்கிட்டு போவாங்க, களியக்காவிளை தாண்டுனா வேற உலகம்னு ஒரே பெருமை. (உங்க ஊரு குப்பை லாரி ராத்திரி எங்க செக்போஸ்ட்ல மாட்டுற செய்தியும் பேப்பர்ல வருது மைனின்னு நானும் விடல.) ஆனா அதுக்கு அவங்க மாசம் 50 ரூபா குடுக்காங்க. நல்ல ஏற்பாடுதான், குத்தம் சொல்லல, ஆனா அந்த 50 ரூபா வீட்டுக்காரிக்க பைசா, பிஸ்கட் கவர் செஞ்ச கம்பெனிக்க பைசா இல்ல. நான் கேக்குறது அது இல்ல. திருப்பி எடுக்க ஆகுற செலவ பொருளுக்க வெலையிலயே சேத்து வாங்கிக்கிடு, சின்னதுல நாங்க கோலி சோடா குடிச்சா குப்பிய வச்சிட்டுத்தான் கடைய விட்டு எறங்க முடியும், அது மாதிரி. டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டில திருப்பி தந்தா 10 ரூபாய திருப்பி தர்ற திட்டம் 2022ல நீலகிரியில ஆரம்பிச்சு நம்ம மாவட்டம் வரைக்கும் வந்தாச்சு. குடிக்கிறவனுக்கு இருக்க வசதி டிவி பாக்குறவளுக்கு இல்ல!

ரீசைக்கிளருக்கு கிலோவுக்கு குறைஞ்சது 22 ரூபா கம்பெனி குடுக்கணும்னு சர்க்காரு வெல வச்சதும், அது கூடுதல்னு சில பெரிய கம்பெனிங்க டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனதும் மவன் காட்டுன செய்தியில பாத்தேன். 186 கிலோவுக்கு கணக்கு போட்டா 4,092 ரூபா. எங்க ஒரு பேட்டரிக்கு கழிச்சு தந்த காசு கூட இல்ல.

சரி, ஸ்டார். எடுத்துட்டு போன தம்பிக்கு அஞ்சு. டோல்ஃப்ரீக்கு ஒண்ணு, அதுவும் அந்த பொண்ணு மரியாதையா பேசுனதுக்கு. 100 கிலோ கண்டிசனுக்கு ரெண்டு, குழு இல்லாத வீட்டுக்காரங்க என்ன செய்வாங்க? மூணு மாசத்துக்கு ஒருக்கா தக்கலையிலயும் மார்த்தாண்டத்துலயும் ஒரு நாளு வண்டிய நிறுத்துனா போதுமே, புது டிவி ஆஃபருக்கு மைக் கட்டி ஊர சுத்துற அதே வண்டி. மொத்தத்துல மூணு. உங்ககிட்ட பெட்டி டிவி இருந்தா பத்து வீட்ட சேத்துக்கிடுங்க, போன்ல பேசி நேரத்த கழிக்காம மொதல்லயே மெயில் போடுங்க, "186 கிலோ இருக்கு"ன்னு எடைய சப்ஜெக்ட்லயே போடுங்க, அதுக்குத்தான் பதில் வரும். ரசீது வாங்காம ஏத்தி விடாதீங்க. ட்யூபுக்க பின்பக்கத்த யாரையும் தொட விடாதீங்க, பிள்ளைகள பக்கத்துல விடாதீங்க.

ஒரு விசயம் பாக்கி இருக்கு. மிக்சி, சார்ஜர், ரிமோட், எல்லாத்துக்க பின்னாலயும் சக்கரம் வச்ச குப்பைத்தொட்டிக்கு மேல குறுக்க கோடு போட்ட ஒரு படம் இருக்கும் பாத்திருக்கீங்களா, இத குப்பையில போடாதன்னு அர்த்தம். எங்க போடணும்னு அந்த படத்துல இல்ல. வண்டி கிளம்புற நேரம் ரெண்டு ட்யூப்லைட்டும் ஏழு சிஎஃப்எல் பல்பும் கொண்டு நீட்டுனேன், உள்ள பாதரசம் இருக்கே. "லைட்டுக்கு எங்க கம்பெனி இல்லக்கா"ன்னு கை எடுத்து கும்பிட்டுட்டு போயிட்டான். மாமி சாய்ப்ப தூத்து வாரி டிவி இருந்த எடத்துல தேங்கா குமிச்சாச்சு, ட்யூப்லைட்டு மட்டும் கதவுக்கு பின்னால சாஞ்சு நிக்கு, யாரும் கதவ வேகமா தொறக்க கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டிருக்கேன். நாகர்கோவில் பக்கம் இத எடுக்குற எடம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ஆட்டோ கூலி நான் குடுத்துக்கிடுறேன்.